எட்டு மணி பஸ்ஸும் கொள்ளுத்தாளும்

நரியன்கொட்டாயில் பஸ் நிற்காது. அங்கே ஸ்டாப்பிங் கிடையாது என்பது டிரைவர் குப்புராஜின் கட்சி. கையைக் காட்டினால் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பறந்துவிடுவார். அன்பரசிக்கு அந்தக் கும்பிடுதான் பற்றிக்கொண்டு வரும்.

பொங்கல்வரை ஷேர் ஆட்டோ இருந்தது. அதை ஓட்டியவர் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மகள் தேவிப்பிரியா பாப்பாரப்பட்டி பள்ளிக்கூடத்துக்குப் போக இந்த எட்டு மணி பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வாங்கித்தர அன்பரசி நடந்த நடை கொஞ்சமா நஞ்சமா? அதற்குள் அவள் புருஷன் மாயவன், "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். பஸ் நிக்கலன்னா கம்பெனி வேலைக்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை, அறுத்து வைத்திருந்த கொள்ளுச்செடியை வாரி வந்து ரோட்டில் முழங்கால் உயரம் பரப்பினாள் அன்பரசி. வண்டி ஏறி மிதித்தால் மணி உதிரும். ஊரே செய்கிற வேலை, யார் கேட்பது? பஸ் வந்து தயங்கியது. அவள் நடுரோட்டில் நின்று நிதானமாகக் கொள்ளுத்தாளைப் புரட்டினாள். பஸ் நின்றது. தேவிப்பிரியா ஏறிக்கொண்டாள்.

"தெனமும் இதே வேலையாக்கா?" என்றார் குப்புராஜ் நாலாம் நாள்.

"கொள்ளு நெறைய வெளஞ்சுடுச்சுங்க."

விளைந்தது அரை ஏக்கர். மணியெல்லாம் இரண்டே நாளில் உதிர்ந்துவிட்டது. அப்புறம் வெறுந்தாளைத்தான் சாயங்காலம் வாரி, காலையில் பரப்பினாள்.

மூன்றாவது வாரம், கட்டை அவிழ்த்துக்கொண்ட மாடு அத்தனை தாளையும் தின்று தீர்த்தது. மறுநாள் வெறுங்கையோடு ரோட்டோரம் நின்றாள். பஸ் வந்தது. அவள் எதிரிலேயே நின்றது.

"தாளு எங்கக்கா?"

"மாடு தின்னுடுச்சுங்க." வாய் தவறி உண்மையே வந்துவிட்டது.

குப்புராஜ் சிரித்தார். "எங்க வூட்லயும் கொள்ளு வெதைக்கறோமுங்க. மணி இருந்தா டயருக்கடியில படபடன்னு கேக்கும். வெறுந்தாளுன்னு மொத வாரமே தெரியும்."

"தெரிஞ்சுமா நிறுத்துனீங்க?"

"பஸ்ஸு முழுக்க செல்போன நோண்டுது. உங்க பாப்பா ஒண்ணுதான் உக்காந்ததும் புஸ்தகத்தத் தொறக்குது. ஏறச் சொல்லுங்க, நேரமாவுது."

கிளம்பும்போது வழக்கமான கும்பிடைப் போட்டார். அன்பரசி கண் கலங்கத் திருப்பிக் கும்பிட்டாள்.

பின்னால் காலடிச் சத்தம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய தாள்கட்டைத் தலையில் சுமந்துகொண்டு மாயவன் ஓடி வந்தான்.

"பஸ்ஸு போயிடுச்சா?" என்றான் மூச்சிரைக்க.

"நின்னுட்டுத்தான் போச்சு" என்றாள் அன்பரசி.