லிபோரியோவுக்கும் நுன்ஸியாவுக்கும் அடித்த மணி

சிசிலியில் உள்ள பெத்ராவெந்தாவின் கோயில் மணி நியூயார்க்கின் எலிசபெத் தெருவில் தெளிவாகக் கேட்டது. அதுவும் அந்த ஊர்க்காரர்கள் குடியிருந்த மூன்று கட்டடங்களில் மட்டும். ஊரின் நண்பகல் மணி இங்கே காலை ஆறுக்கு வரும். அதைக் கேட்டு எழுந்து, சுரங்க ரயிலுக்குக் குழி தோண்டப் போவார்கள். எதிர்க் கட்டடத்துப் பலேர்மோக்காரர்கள் கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள். சாவு மணியும் வரும். ஆணுக்கு மூன்று அடி, பெண்ணுக்கு இரண்டு. சற்று நிறுத்தி, வயதுக்கு ஒன்றாக. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்து பெயரைச் சொல்லும். மணி ஒருமுறைகூடத் தவறியதில்லை.

1904 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு அடி கேட்டது, பிறகு இருபத்துநான்கு. ஊரில் அந்த வயதுப் பெண் லிபோரியோவின் மனைவி நுன்ஸியா ஒருத்திதான். லிபோரியோ அப்போது சவரம் செய்துகொண்டிருந்தான். மனைவியை இழந்தவன் முகம் மழிக்கக்கூடாது என்பதால் கத்தியை வைத்துவிட்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு வேலைக்குப் போனான்.

மார்ச்சில் நுன்ஸியாவின் கடிதம் வந்தது. மணி அடித்ததற்கு மறுநாள் தேதியிட்டிருந்தது. தான் நலம் என்றும், முந்தின நாள் கடல் பக்கமிருந்து முன்பின் கேட்டிராத மணி மூன்று அடியும் முப்பத்தொன்றும் அடித்ததாகவும், அது லிபோரியோவின் வயது என்பதால் கறுப்பு உடுத்திவிட்டதாகவும் சொன்னது. அவளுக்கு எழுதத் தெரியாது. ஊர்ப் பாதிரியார் எழுதியிருந்தார். இரக்கப்பட்டுப் பொய் எழுதக்கூடியவர்.

லிபோரியோவுக்கும் எழுதத் தெரியாது. எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான்; அவன் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். "அந்தக் கையை நம்ப மாட்டேன், சிக்கோவையும் ஏழு மாசம் உயிரோட வச்சிருந்த கை அது" என்று பதில் வந்தது. அது உண்மை. சாரத்திலிருந்து விழுந்து செத்த என் தம்பி சிக்கோவின் பெயரில் அம்மாவுக்குக் கடிதம் எழுதிவந்தேன். அவன் செத்தபோது அங்கே எந்த மணியும் கேட்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

லிபோரியோ கப்பல் சீட்டு அனுப்பினான். செத்திருந்தால் வரமாட்டாள், அவ்வளவுதானே என்றான். அக்டோபரில் அவள் இறங்கினாள்.

"யாருக்கு இந்தத் தாடி?"

"உனக்குத்தான். நீ யாருக்குக் கறுப்பு கட்டியிருக்க?"

"உங்களுக்குத்தான். செத்த ஆளு மாதிரியா இருக்கீங்க? நல்லா கொழுத்துல்ல இருக்கீங்க!"

"நீ செத்தும் உன் வாய் சாகலையே!"

அவள் அவனைக் கிள்ளினாள். அவனுக்கு வலித்தது. அவளைத் தொட்டால் சூடாக இருந்தது. ஆனாலும் மணி பொய் சொன்னதில்லையே என்று இருவரும் குழம்பினார்கள். எங்கள் தெருப் பாதிரியாரிடம் போனார்கள்.

"ஒருத்தர் செத்தாலே கல்யாணம் முறிஞ்சது. இங்க ரெண்டு பேரும் செத்தாச்சு. மறுபடி கட்டிக்கங்கப்பா," என்றார் அவர்.

தாடியும் கறுப்பும் களையாமலே கட்டிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஒருவர் ஆன்மாவுக்காக மற்றவர் பூசை வைத்து, அருகருகே அமர்ந்து அழுதுவிட்டு வருவார்கள். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு முன்னும் தாய் பெயருக்கு முன்னும் பாதிரியார் 'காலஞ்சென்ற' என்று எழுதினார். காலஞ்சென்ற இருவரும் குழந்தையை ஏந்தியபடி அருகில் நின்று, மை காயும்வரை காத்திருந்தார்கள்.