அனைவருக்கும் என் பெயர்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் ஐந்து. நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசையைக் குழப்புவது நிர்வாகங்களின் வழக்கம்.

முதலாவது, 1979. எங்கள் நூற்பாலையில் கதவடைப்பு அறிவித்த அன்று முதல் துண்டறிக்கையை எழுதியவன் நான். ‘இவண்’ என்று போட்டு அடியில் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். தாளில் ஒரு வரிக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. அச்சகத்தின் பெயர் சட்டப்படி இருந்தாக வேண்டும் என்பதால் என் பெயர் எடுக்கப்பட்டது. எடுத்தவர் அச்சுக் கோத்த மரியபுஷ்பம்.

இரண்டாவது, 1984. மறியலில் விழுந்த அடியில் என் இடது முழங்கால் போனது. கைதானவர்கள் பட்டியலில் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. அதற்குக் கீழே ‘மற்றும் ஒருவர்’ என்று இருந்தது. அந்த ஒருவர் நான்.

மூன்றாவது, 1992. மில்லை நிரந்தரமாக மூடிய அன்று வாசலில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நான் இடது கடைசியில் நின்றேன். கொள்கைப்படி அங்கேதான் நிற்பது. கண்ணாடிச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று படத்தின் இடது ஓரத்தை வெட்டினார்கள். என் இடது தோள் மட்டும் இன்றும் சங்க அலுவலகச் சுவரில் தொங்குகிறது.

நான்காவது, 2006. சங்கத்தின் வரலாற்று நூலில் என் துண்டறிக்கை முழுவதும் சேர்க்கப்பட்டது. மேலே ‘பெயர் தெரியாத தோழர் ஒருவர் எழுதியது’ என்று குறிப்பு. வெளியீட்டு விழாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான்தான்.

ஐந்தாவது, இந்த ஆண்டு ஜூலை. சங்கத்தின் இணையச் சமூகத்தை நடத்தும் பிரேம்குமார் என் பக்கத்தின் தெளிவைப் பத்தில் மூன்றாகக் குறைத்தான். மறுநாள் காலை முதல் நான் பத்தில் மூன்று பங்குதான் தெரிகிறேன்.

எங்கள் ஊரில் பக்கம் எப்படியோ ஆளும் அப்படியே. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை ஒரு ஸ்டைல் ஷீட் சொல்கிறது. ஆளுக்கொரு ஷீட் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் ஒரு யோசனை வந்தது. தனியுடைமை என்று சொல்லி நான்தான் அதைத் தோற்கடித்தேன். ஆகவே எல்லோரும் ஒரே ஷீட்டில், அவரவர் பெயருக்கு நேராக எழுதுகிறோம். எழுதியது மறுநாள் விடிந்ததும் நடைமுறைக்கு வரும்.

பாவு ஓட்டுகிற பிரிவில் இருந்த சந்தோசம் தன் பக்கத்துக்கு வளைந்த மூலைகள் கேட்டிருந்தார். இப்போது அவர் வீட்டு மூலைகள் வளைந்துவிட்டன. பீரோ நடுக்கூடத்தில் நிற்கிறது. முன்னாள் துணைச் செயலாளர் ஒருவர் தன்னைச் சுற்றி ஆறடி ஓரம் விட்டுக்கொண்டார். அவருடைய மனைவி இரண்டு ஆண்டுகளாக வாசலில் நின்றபடிதான் அவருக்குப் பரிமாறுகிறார். எங்கள் கௌரவத் தலைவர் தன் இடத்தை நிலையானதாக்கிக்கொண்டார். நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணின் வலது மேல்மூலையில் அவர் நிற்பார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கழுத்தைச் சாய்த்து அவரைத் தாண்டிப் பார்ப்பார்கள்.

பத்தில் மூன்றாக இருப்பதில் நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. கண்டக்டர் எனக்குச் சுமை டிக்கெட் கிழித்தார். ரேஷன் கடையில் பத்தில் மூன்று பங்கு அரிசி போட்டார்கள். கணக்குச் சரியாக இருந்ததால் நான் வாதாடவில்லை. டீக்கடைத் தவமணி மட்டும் முழுக் கிளாஸ் கொடுத்தார்.

“என்னண்ணே, நேத்தைக்கு இன்னைக்கு இன்னும் மங்கலாயிட்டீக?”

“வெயில்ல நிக்கிறேன். அதான்.”

“நிழலுக்கு வாங்க. ஆளு இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல.”

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் செப்டம்பர் ஒன்பதாம் தேதி கல் வருகிறது. மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் வாசலில், காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில், கதவடைப்பில் நின்றவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்ட அனுமதி கிடைத்திருந்தது. கல் ஒன்றுதான், இன்னொன்றுக்கு இடமில்லை. இணையப் பக்கத்தில் பாதிக்கு மேல் தெரிகிறவர்களின் பெயர்கள் மட்டும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாசிக்கப்படும். வாசித்ததும் கேட்கும் முதல் குரலுக்குத்தான் வருகை. இரண்டாவது குரல் செல்லாது. இது மில்லின் நேர அலுவலகத்தில் இருந்த விதி. அதை எதிர்த்து நாங்கள் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறோம். சங்கம் தொடங்கியதும் எங்களுக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான் என்பதால் அதையே வைத்துக்கொண்டோம்.

பிரேம்குமாரைப் போய்ப் பார்த்தேன். அவன் நேர அலுவலகத்துக் கோதண்டத்தின் மகன். மூன்று நிமிடம் தாமதித்தால் அரை நாள் வெட்டுகிற கோதண்டம். தோழர் என்ற சொல் இவன் வாயில் வராது.

“உக்காருங்க சார். எங்க நிக்கிறீங்க?”

“உனக்கு எதுத்தாப்புலதான் நிக்கிறேன்.”

“ஆமா, தெரியுது. சார், உங்களை நான் மறைக்கலை. மறைக்கிறதுக்கு வேற வரி இருக்கு. மங்கலாத்தான் ஆக்கியிருக்கேன்.”

“எதுக்கு?”

“ஒரு மாசத்துல நூத்திப் பன்னெண்டு மறுப்பு எழுதியிருக்கீங்க. ஒவ்வொண்ணும் பதினாலு அம்சம். படிக்கிறவங்க கண்ணு வலிக்குதுங்கிறாங்க.”

“உங்கப்பன் எங்க நேரத்தை வெட்டுனான்.”

“அப்பா நேரம் பாத்தாரு. நான் வெளிச்சம் பாக்குறேன். அவரவர் வேலை சார்.”

நான் அவனுடைய திரையைப் பார்த்துக்கொண்டேன். என் பெயருக்கு நேராக இருந்த வரியின் முடிவில் ‘முக்கியம்’ என்று போட்டிருந்தான். என்னைக் குறித்து அந்தச் சொல் எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

அங்கிருந்து மரியபுஷ்பத்தின் கடைக்குப் போனேன். அச்சகம் மூடிய பிறகு அவர் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து கொடுக்கிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர். எழுத்தைத் தலைகீழாக வாசித்துப் பழகியவர் என்பதால் ஸ்டைல் ஷீட்டும் அவருக்குச் சுலபமாக வந்தது.

“வாங்க தோழரே. யாரோ ஸ்க்ரீனை இழுத்து விட்டாப்புல இருக்கேன்னு பாத்தேன்.”

“முக்கியம்னு ஒருத்தன் எழுதிட்டா அதை என்ன பண்றது?”

“அவனுக்குக் கீழ போயி நாமளும் முக்கியம்னு எழுதணும். ரெண்டு பேரும் முக்கியம்னு சொன்னா, கடைசியில எழுதுனதுதான் நிக்கும்.”

“முதல்ல சொன்னவனுக்கு மதிப்பு இல்லையா?”

“நீங்கதான் எல்லாத்தையும் முதல்ல சொன்னீங்க. என்ன கண்டீங்க?”

கோரிக்கைகளைச் சொன்னேன். ஒன்று, தெளிவு முழுமையாக இருக்க வேண்டும். இரண்டு, என் பெயர் முன்னால் வர வேண்டும். மூன்று, சிவப்பு. நான்கு, இரண்டு மடங்கு பெரியதாக. ஒவ்வொன்றின் முடிவிலும் முக்கியம். அவர் தட்டிக்கொண்டே வந்தார்.

“உங்க நோட்டீஸுல ஆச்சரியக்குறி கடைசியில நிக்கும். இதுல முக்கியத்துக்கு முன்னாடியே வந்துரும். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். பிறகு கையை எடுத்துவிட்டு, “இது யாருக்கு?” என்று கேட்டார்.

“யாருக்குன்னா?”

“ஒவ்வொரு கோரிக்கையும் யாருக்குன்னு மேல எழுதணும். உங்களுக்கு மட்டுமா?”

இந்தக் கேள்வியை நாற்பத்தாறு ஆண்டுகளாக என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்: லேபர் ஆபீசர், மானேஜர், ஒரு மாஜிஸ்டிரேட். பதில் யோசித்து வருவதில்லை.

“அனைவருக்கும்” என்றேன்.

“நெசமாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு நட்சத்திரக் குறிதான். போட்டா எல்லாத்துக்கும் போயிரும்.”

“தனி ஒருத்தனுக்குக் கோரிக்கை எழுதுன சங்கமா நம்ம சங்கம்?”

அவர் என்னை, தெரிந்த அளவுக்கு, பார்த்தார். பிறகு நட்சத்திரத்தைப் போட்டார்.

மறுநாள் காலையில் நான் முழுமையாகத் தெரிந்தேன். கதவில் என் பெயர் சிவப்பாக இருந்தது. பால் பாக்கெட்டில் முதலில் என் பெயரும் அடுத்து பாலும் இருந்தன. பஸ்ஸின் நெற்றியில் என் பெயருக்குப் பிறகு சாத்தூர். டீ கிளாஸில், கடிகாரத்தில், மாதா கோயில் மணியில், பள்ளிப் பிள்ளைகளின் ஒவ்வொரு சட்டைப் பையிலும் என் பெயர். தெளிவு அனைவருக்கும் முழுமையாகிவிட்டதால், ஏழு ஆண்டுகளாகத் தலைமறைவாக இருந்த எங்கள் அமைப்புச் செயலாளர் அத்தனை காலமும் தவமணி கடை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. அவர் தன் டீயை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பஜாரில் ஒரு பெண் தன் கணவனை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன். அவள் என்னை வேண்டாம் என்று கை காட்டினாள்.

பிரேம்குமார் அன்று முழுக்க ஷீட்டின் அடியில் வரி மேல் வரியாக எழுதினான். ஆனால் அவன் எழுதிய ஒவ்வொரு வரியும் என் பெயரோடு தொடங்கியதால், அவை நான் எழுதியவையாக ஏற்றுக்கொள்ளப்பட்டன. மாலையில் எனக்குப் போன் செய்தான்.

“சார், உங்க வரிகள் நல்லா வந்திருக்கு” என்றான்.

செப்டம்பர் ஒன்பது மாலை நான்கு மணிக்குக் கூடினோம். சாட்சிகள் இருவர்: குடியிருப்பின் காவலாளி வேலப்பன், கல் வெட்டுகிற மாசானமுத்து. உறுப்பினர்கள் நாற்பத்து நான்கு பேர். சேர்ந்த வரிசையில் என் எண் நாற்பத்து நான்கு. விதிமுறைகளை ஆட்சேபித்துக்கொண்டிருந்ததில் கடைசியாகத்தான் சேர்ந்தேன். நாற்காலிகள் பிளாஸ்டிக். அவற்றின் முதுகிலும் என் பெயர் இருந்தது.

பட்டியலைப் பார்த்த மாசானமுத்து ஒரு சந்தேகம் கேட்டார்.

“என்ன சார், நாப்பத்து நாலு வரியும் ஒரே பேரா இருக்கு?”

பிரேம்குமார் பொறுமையாக விளக்கினான். ஒவ்வொரு வரியிலும் அவரவர் பெயரும் இருக்கிறது. முன்னால் என் பெயர் இரண்டு மடங்கு பெரிதாக வந்துவிட்டதால் வரி அதிலேயே நிறைந்துவிட்டது. மிஞ்சுவதை வெட்டிவிட வேண்டும் என்பது அவன் அழகுக்காக முன்பே எழுதி வைத்த விதி.

“அப்ப நாப்பத்து நாலு தடவையும் வெட்டவா?”

“ஒரு தடவை போதும். ஒரே மாதிரி பல வரி வந்தா கடைசி வரிதான் நிக்கும். அந்த வரிக்கு யாரு குரல் கொடுக்கிறாங்களோ, கல்லு அவங்களுக்கு.”

கடைசி வரி என்னுடையது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மரியபுஷ்பம் திரும்பினார். அவருக்கு நாற்பத்து மூன்றாவது வரி.

“அன்னைக்கு உங்க பேரை நான் எடுத்தேன். இன்னைக்கு என் பேரை நீங்க எடுத்துட்டீங்க. சரியாப் போச்சு தோழரே.”

“நான் அனைவருக்கும்னுதான் சொன்னேன்.”

“ஆமாமா. மற்றும் ஒருவர்ல நானும் ஒருத்தி.”

நாற்பத்து மூன்று தோழர்கள் கல்லில் இல்லாமல் போவதைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. முதல் பத்தி மனதில் உருவாகவும் செய்தது. கல் வெட்டி முடிந்த பிறகு எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

பிரேம்குமார் வாசிக்கத் தொடங்கினான். முதல் வரிக்கு என் பெயரை வாசித்தான். கௌரவத் தலைவர், எங்கள் கண்களின் வலது மேல்மூலையிலிருந்து, “உள்ளேன்” என்றார். இரண்டாவது வரிக்கு என் பெயர். சந்தோசம் குரல் கொடுத்தார். அப்படியே போனது. ஒவ்வொருவரும் என் பெயருக்கு எழுந்து, உட்கார்ந்தார்கள். நாற்பத்து மூன்றாவது வரிக்கு மரியபுஷ்பம் உட்கார்ந்தபடியே “உள்ளேன்” என்றார். அச்சுக் கோக்கிறவர்களின் தெளிவான உச்சரிப்பு.

நான் தயாரானேன். எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று 1979லிருந்து நினைத்து வைத்திருந்தேன். என் இடது முழங்கால் ஒரே முயற்சியில் நிமிராது. அதில் கை ஊன்றி, மூச்சுப் பிடித்து, அதன் பிறகுதான் எழ முடியும். நாற்பத்து நான்காவது வரியை அவன் வாசித்தபோது நான் கையை ஊன்றியிருந்தேன்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முழங்கால் கிடையாது.

“உள்ளேன்” என்றது.

“உள்ளேன்” என்று நானும் சொன்னேன். நன்றாக, உரக்கச் சொன்னேன்.

“ரெண்டாவது குரல் செல்லாது சார்” என்றான் பிரேம்குமார். அது நான் இரண்டு முறை வழிமொழிந்த விதி. ஆட்சேபிக்க இடமில்லை.

மாசானமுத்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். வேலப்பன் கையெழுத்துப் போடுவதற்கு முன், தன் காதில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை வாசித்தால் நல்லது என்றார். முறைப்படி அது சாட்சியின் உரிமை. நான் நகர்ந்து நின்றேன். மரியபுஷ்பம் நாற்காலியைப் பிடித்து முன்வரிசைக்குக் கொண்டுபோய், சாட்சிகளுக்கு முகம் தெரியும்படி திருப்பி வைத்தார். பிரேம்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைப் பார்த்து, வாழ்க்கையில் முதன்முறையாகத் தோழர் என்று சொல்லி வாசித்தான்:

“தோழர் இ. தவசியாண்டி.”