கல்லறை விட்ட மூச்சு

செத்தவர்கள் வீட்டில் சத்தம் போட்டுப் பார்ப்பதுதான் சின்னவளுக்கு உத்தியோகம் என்று அவள் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதில் பெரிய தப்பும் இல்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பு பாறைகளை அடுக்கிக் கட்டி, மேலே மண்ணைக் குவித்து மூடிய கல்லறைகள் உண்டு. குனிந்து குனிந்து போக வேண்டிய நீளமான ஒரு வழி, அது முடிகிற இடத்தில் ஓர் அறை, அந்த அறையை ஒட்டிப் பொந்து மாதிரி பக்க அறைகள். அதற்குள் ஒரு குரல் எழும்பினால் கல் எப்படி முழங்கும் என்று முதலில் கணினியில் மாதிரி செய்வாள். பிறகு நிஜக் கல்லறைக்குப் போய் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்துச் சரிபார்ப்பாள். வீட்டில் கடைக்குட்டி என்பதால் இத்தனை படிப்புக்குப் பிறகும் அவள் சின்னவள்தான்.

இந்தத் தடவை அவளைக் கல்லறைக்குக் கூட்டிப் போனவர் பெரியப்பா. மெத்தைக் கடையை மகனிடம் விட்டபின் அவரிடம் மிஞ்சியது ஒரு வேனும் ஏகப்பட்ட பொழுதும்தான்.

"நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரும்மா. நான் வண்டியிலயே இருக்கேன்" என்றார்.

ஆள் உள்ளே இருந்தால் உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடித்துவிடும். அதனால் சின்னவள் கருவிகளை எல்லாம் உள்ளே வைத்துவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். பேட்டரி எடுக்க வேனுக்குப் போனபோது பெரியப்பாவைக் காணோம். டீ தேடிக் கிளம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வந்து, தூறலுக்குக் குடை பிடித்தபடி, வெளியிலிருந்தே ஸ்பீக்கரை முடுக்கினாள். உறுமலில் தொடங்கி விசிலில் முடிகிற ஊளை ஒன்று கல்லறைக்குள் திரும்பத் திரும்ப எழுந்து அடங்கியது. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ளிருக்கும் அமைதியையும் மைக் பதிந்துகொண்டது.

ஆபீசுக்கு வந்து பார்த்தால் கணக்கு உதைத்தது. கணினி சொன்னதைவிட நிஜத்தில் முழக்கம் சீக்கிரமே செத்துப்போயிருந்தது. மாதிரியில் கல்லின் சொரசொரப்பைக் கூட்டிப் பார்த்தாள். ஈரத்தை ஏற்றினாள், இறக்கினாள். எதற்கும் மசியவில்லை. போதாததற்கு, அந்த அமைதியான இடைவெளிகளில் ஏதோ ஒன்று மெல்ல ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு 'ஃபூ' என்று இறங்கியது.

துறைத்தலைவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். கையில் மயிர்க்கூச்செறிந்தது.

"மூச்சு விடுதும்மா! கல்லறை மூச்சு விடுது!"

"காத்தா இருக்கும் சார்."

"காத்துதாம்மா! கல் இடுக்குல காத்து நுழைஞ்சு மூச்சு மாதிரி கேக்கணும்னே கட்டியிருக்கான் பாரு. செத்தவங்க உள்ள தூங்குற மாதிரி!"

தூங்குகிற மாதிரி என்பதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மறுவாரமே பொதுச் சொற்பொழிவு என்று அறிவித்து, 'கல் விடும் மூச்சு' என்று சுவரொட்டியும் அடித்துவிட்டார்.

சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனவள், கூடத்து சோபாவில் சாய்ந்து, அந்தப் பதிவை மறுபடியும் போனில் ஓடவிட்டாள்.

சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் பாய்ந்து வந்தது. "ஏங்க! சோபாவுல படுக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? எந்திரிங்க!"

"நான் இங்கதான இருக்கேன்" என்றார், சமையலறையில் பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெரியப்பா.

பெரியம்மா அவரைப் பார்த்தாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து குறட்டைச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சின்னவள் போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"பெரியப்பா... அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

பெரியப்பா ஒரு பல்லை ரொம்பக் கவனமாக உரித்தார். "தூறல் போட்டுச்சும்மா. வண்டியில காலை நீட்ட முடியல. நீ அந்தப் பக்கம் போனப்ப உள்ள பக்க அறைய எட்டிப் பாத்தேன், ஜம்முன்னு இருந்துச்சு."

"அவ்வளவு சத்தத்துலயா தூங்குனீங்க?"

"ஏதோ கேட்டுச்சு. ஐஸ் வண்டி போகுதுன்னு நெனச்சேன்."

"உசுரோட இருக்கறப்பவே கல்லறையில போய் எடம் புடிச்சிருக்காரு!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் துறைத்தலைவர் முகம் தொங்கிப்போனது. "பெரியப்பாதான்னு உறுதியாத் தெரியுமாம்மா?"

"பெரியம்மாவே அடையாளம் காட்டிட்டாங்க சார்."

ஆனால் சின்னவளுக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்றிருந்தது. உதைத்த கணக்குக்கும் இவர்தான் காரணமோ? ஆய்வுக்கூடத்தில் சத்தம் போட்டால் எதிரொலித்துக்கொண்டே இருக்கும் வெற்று அறை ஒன்று உண்டு. பெரியப்பாவை அன்று போட்டிருந்த அதே தடிமனான கோட்டோடும் மஃப்ளரோடும் வரவழைத்து அங்கே படுக்க வைத்தாள். குறட்டையும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. தூக்கமோ வரமாட்டேன் என்றது.

"இத்தனை பேர் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருந்தா எப்படிம்மா வரும்?"

கூட வந்திருந்த பெரியம்மாவை உள்ளே அனுப்பினார்கள். திரைச்சீலை மாற்ற வேண்டியதைப் பற்றியும், அவள் தம்பி வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் அவள் ஆரம்பித்தாள். குழாயைப் பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை, மனிதர் கட்டையாகிவிட்டார். பெரியம்மா முறைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அளந்து பார்த்ததில் குறட்டை அச்சு அசல் கல்லறைக் குறட்டை. எழுந்த ஓசையில் எவ்வளவை அந்த உடம்பும் கோட்டும் விழுங்கிவிடுகின்றன என்று சின்னவள் திரையில் காட்டினாள்.

"அப்படியா சேதி! கல்யாணமான நாளா நான் பேசுனதெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள் பெரியம்மா.

சின்னவள் கணினியில் கல்லறை மாதிரியின் பக்க அறைக்குள் புதிதாக ஒரு பொருளைச் சேர்த்தாள். பெயர் கேட்டது. 'பெரியப்பா' என்று அடித்தாள். ஓடவிட்டதும், அத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கணினிக் கோடும் நிஜக் கல்லறைக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு குதி குதித்தாள்.

துறைத்தலைவருக்கும் உயிர் வந்தது. "அந்தக் காலத்துல கல்லறைய காலியா வெச்சா அழுதிருப்பாங்க? உள்ள ஆளுங்க இருந்திருப்பாங்களே! நாம ஆளையும் சேத்து அளந்திருக்கோம்மா!" என்று சுவரொட்டியில் 'மூச்சு' என்பதை அடித்து 'முழக்கம்' என்று எழுதச் சொன்னார். சொற்பொழிவைச் சின்னவளே செய்தாள்.

கூட்டம் பரவாயில்லை. கல்லறையின் படம் திரையில் வந்தது. பக்க அறையில் உருண்டையாக ஓர் உருவம், அதன்மேல் 'பெரியப்பா' என்ற எழுத்து.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அந்த உருவம் அளவுக்குச் சரியாப் போட்டதுதானா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் பெரியப்பா எழுந்துவிட்டார். "வயித்தக் கொஞ்சம் பெருசாப் போட்டுட்டாங்க."

"உக்காருங்க. அதெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கா" என்று பெரியம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.