நாலு மணி நேரம், பிழை பூஜ்யம்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை மழையிலோ ஜன்னலோரத்திலோ பிறக்கவில்லை. குற்ற உணர்ச்சியில் பிறந்தது. அதுவும் முழுசாக இல்லை, பாதி பயம்.

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன். முதலாவது: "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். ஒருநாள் மனைவியின் கம்ப்யூட்டரில் மெமரியின் வேகத்தைக் கூட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில்—"

(வேண்டாம். பக்கத்து வீட்டில் இருப்பவர் பல் டாக்டர். மவுஸைப் பிடிக்கவே அவருக்கு நர்ஸ் வேண்டும்.)

இரண்டாவது: "அவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்." இது தேவலை, ஏனென்றால் நான் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவதில் "அவன்" போய் "நான்" வந்தது. அதோடு வேடம் கலைந்தது.

2

என் மனைவி புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்கிறவள். எங்கள் துணி அலமாரிதான் ஸ்டூடியோ. சுற்றிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கோடு உட்கார்ந்துகொள்வாள். கம்ப்யூட்டர் வெளியே, கதவை ஒட்டி இருக்கும். அவள் வேலைக்கு அதன் வேகம் தாராளம்.

"நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் நோண்டுறீங்க?"

"இன்னும் நல்லா ஓடும், பாரு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்கு ஊதியே ஆகவேண்டும். இணையத்தில் ஒரு குழு. அங்கே ஆளாளுக்குத் தங்கள் மெமரியின் எண்களைப் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்தார்கள்.

[அவசரக்காரர்கள் இதைத் தாண்டலாம். மெமரி ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் கொஞ்சம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் டைமிங். வேகத்தைக் கூட்டி, காத்திருப்பைக் குறைத்தால் அது திணறும். திணறாமலிருக்க வோல்ட்டேஜைத் துளி ஏற்றலாம், ஏற்றினால் சூடு. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அதையும் ஒரே படி. மாற்றியதைக் குறித்துவைத்து, மணிக்கணக்கில் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் மரியாதையாகப் பின்வாங்க வேண்டும்.]

இதையெல்லாம் செய்தேன், நம்புங்கள். வோல்ட்டேஜ் 1.35 இலிருந்து 1.40. டைமிங் 18 இலிருந்து 16. நாலு மணி நேரச் சோதனை. பிழை பூஜ்யம்.

3

இவ்வளவு கவனமானவன் எப்படிக் கோட்டைவிட்டான்? கதாநாயகன் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது.

இப்படித்தான். சோதிக்கும்போது பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேரே உள்ளே பார்க்க வைத்திருந்தேன். முடிந்ததும், ஃபேன் இரைச்சல் மைக்கில் விழும் என்று அதை எடுத்துவிட்டு மூடியையும் இறுக்கித் திருகினேன். காற்றில் பாஸானதைப் புழுக்கத்தில் வேலைக்கு விட்டேன். லிஃப்ட்டைக் காலியாக ஓட்டிப் பார்த்து, "பத்துப் பேர் ஏறலாம்" என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி. வேலையிடத்தில் ஒருவன் அப்படிச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

சூடேறிய மெமரி சொல்லிக்கொண்டு தவறு செய்யாது. கோடி எண்களுக்கு நடுவே ஒன்றை மாற்றிவைத்துவிட்டுச் சாதுவாக இருக்கும். ஒலிப்பதிவில் அது ஒரு சின்ன "டிக்".

4

பதிப்பகத்திலிருந்து ஃபோன். "மேடம், வாய்ச் சத்தம் நிறைய விழுது. அங்கங்க டிக்கு டிக்குன்னு."

சத்தமாகப் படிக்கிறவர்களுக்கு இது தொழில் வியாதி. வாய் உலர்ந்தால் நாக்கு இப்படித்தான் சொடுக்கும். ஆகவே அவள் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவில்லை, தன் வாயைச் சந்தேகப்பட்டாள். வாய் உலராமலிருக்க ஆப்பிள் மென்றாள். காப்பியை விட்டாள். ஏழு அத்தியாயங்களை மறுபடி படித்தாள். மறுபடி டிக். பல் டாக்டரிடமும் போனாள். (அவர் எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லை" என்றார். இந்தக் கதையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள்.)

எனக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமை, அவள் வெளியே போயிருந்தபோது, மூடியோடு சோதித்தேன். இருபது நிமிஷத்தில் முப்பத்தொரு பிழை.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்: "வர்ற திங்கக்கிழமை அவங்ககிட்ட சொல்லிடப் போறேன். வேற ஆளைப் பாத்துக்கட்டும். பதினோரு வருஷம் படிச்சாச்சு. என் வாய் போச்சுங்க."

சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். "வெந்நீர் குடிச்சுப் பாரேன்" என்றுகூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

5

முடிவுகள் கைவசம் சில உண்டு.

அவன் ரகசியமாக எல்லாவற்றையும் பழையபடி வைக்கிறான். டிக் நிற்கிறது. ஆப்பிளுக்கு நல்ல பெயர். யாருக்கும் அடி விழாத முடிவு, ஆகவே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அவள் இனி ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் பயந்துகொண்டே திறப்பாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அல்லது: "அன்று மாலை அவள் திருப்புளியை எடுத்து, மூடியைக் கழற்றி—"

(எங்கள் வீட்டுத் திருப்புளி எங்கே என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.)

அல்லது மெமரி செய்தவன் மேல் பழி. சுத்தக் கோழைத்தனம். மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன்.

இம்மாதிரிக் கதைகளில் எழுத்தாளன் இந்த இடத்தில் நைசாகக் கைகழுவி, முடிவை வாசகர் தலையில் கட்டிவிடுவான். நானும் கட்டத்தான் போகிறேன். ஒரே ஒரு வாசகர் தலையில்.

6

இன்று ஞாயிறு. இதை அச்செடுத்து, "புதுசா ஒரு கதை, மைக்ல ஒரு தடவை படிச்சுக் காட்டேன்" என்று அலமாரிக்குள் நீட்டப் போகிறேன்.

இரண்டாம் பகுதியிலேயே உனக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் எடுத்ததை முடிக்காமல் நீ எழுந்ததில்லை. ஆகவே இதையும் சத்தமாகவே படி: உன் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருநாளும் ஆகவில்லை. கெடுத்தது நான். தெரிந்த பிறகும் ஆறு நாள் பேசாமலிருந்தவனும் நான்தான்.

வோல்ட்டேஜ், டைமிங் இரண்டையும் வாங்கியபோது இருந்த எண்ணுக்கே திருப்பிவிட்டேன். மூடியை மாட்டி, பன்னிரண்டு மணி நேரம் சோதித்தேன். நாளைக்கு நீ பதிப்பகத்துக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான், சொல்கிறேன்.

கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. இனி நீ என்னைப் பார்த்து என்ன சொல்கிறாயோ, அதுதான் கடைசி வரி. நிறுத்தி, நிதானமாகத் திட்டு. ஒரு சொடுக்குக்கூட விழாது.