அம்மனுக்கு எழுதிக் கொடுத்த போர்வை

புருஷன் பெல்லாவுஸ் கொண்டுவந்து போட்ட போர்வையைப் பார்த்ததும் செனோவாரா இரண்டடி பின்வாங்கினாள்.

“குளியல் கூடத்துல பெஞ்சுக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சாம். எவனும் திருடல. நீதான் ஊரையே சபிச்சுட்டு வந்தே,” என்று சிரித்தான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வை காணாமல்போன அன்றே ஈயத் தகட்டில் சூலிஸ் அம்மனுக்கு எழுதச் சொல்லி, வெந்நீர் ஊற்றில் எறிந்திருந்தாள். அந்த ஊர் வழக்கம் அப்படி. தொலைந்த பொருளை அம்மனுக்கே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் திருடனைப் பார்த்துக்கொள்வது அம்மன் பாடு. ‘ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, இதை வைத்திருப்பவருக்குத் தூக்கம் வேண்டாம். ரத்தம் நீராகட்டும். பிள்ளைகள் தங்க வேண்டாம்.’ சொல்லச் சொல்ல அவள் மனதில் இருந்தது ஒரே முகம்தான், அடுத்த வீட்டு அலௌனா.

அலௌனா திருடினாள் என்பதற்குச் சாட்சி ஒன்றும் இல்லை. ஆனால் ஒளிந்திருந்த செனோவாராவின் தம்பியைச் சிப்பாய்களுக்குக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். அவர்கள் கொண்டுபோய்த் தள்ளிய ஈயச் சுரங்கத்தில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காமல் செத்தான் அவன். அந்த நாக்கு அழுகட்டும் என்று செனோவாரா வேண்டாத நாள் கிடையாது.

“போத்திக்கடி, குளுருது.”

“தொடாதய்யா! இது நம்மளுது இல்ல. யாருகிட்ட இருக்கோ அவங்கள அம்மன் விடமாட்டா.”

“அப்போ கோயில்லயே போட்டுட்டு வந்து தொலை.”

போர்வையைக் குச்சியில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளின் கால், அலௌனா வாசலில் நின்றுவிட்டது. திருடியவர் என்றா எழுதியிருந்தது? வைத்திருப்பவர் என்றுதானே! குச்சியை எறிந்துவிட்டு, போர்வையைக் கையாலேயே அழகாக மடித்தாள்.

“உன் வீட்டுக் கூரை ஒழுகுதாமே. இதை வச்சுக்க.”

அலௌனாவின் கண் கலங்கிவிட்டது. “எனக்காக்கா? உன் மூஞ்சியப் பார்க்கவே வெக்கமா இருக்கு. உன் தம்பி விஷயத்துல நான்…”

“பழசை விடு.”

தம்பி போன இந்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு இனிமையாக அவள் யாரிடமும் பேசியதில்லை. அலௌனா போர்த்திக்கொண்டாள். செனோவாராவுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பக் காலெடுத்தாள்.

உள்ளேயிருந்து அலௌனாவின் நாலு வயது மகள் ஓடிவந்தாள். “நானும்மா!” அலௌனா போர்வையை விரித்து அவளையும் இழுத்து அணைத்து மூடினாள். பிள்ளைகள் தங்க வேண்டாம் என்று சொன்னது செனோவாராவின் வாய்தான். அவள் கை போர்வையின் ஓரத்தைப் பற்றியது.

“பெரியம்மாவுக்கு ஒரு முத்தம் குடுடி.”

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மட்டும் வெளியே வந்து, செனோவாராவின் கன்னத்தைத் தேடி நீண்டது.