ஆயர் தங்கும் அறை

“அண்ணே, அப்பா இனிமே உங்களோடதான் இருக்கணும். மேல ஒரு ரூமைத் திறந்து விடுங்க.”

உயிரே போனாலும் இதை மட்டும் கேட்காதே என்று மகளைச் சொல்லி வளர்த்த அப்பா அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கோயிலுக்குக் கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கிறவன் நாசமாய்ப் போவான் என்பது அப்பாவின் பதினோராம் கட்டளை. சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பிய நாளிலிருந்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சாமிதான். இப்போதும் பங்குச் சாமியாரான மகன் தன் அலுவலக அறைக்குள் வந்ததும், தரைக்கு டைல்ஸ் பதித்துத் தேய்ந்த முட்டிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாமி உட்காரச் சொல்லவில்லை.

“இவ உளறுறா சாமி. காதுல போட்டுக்காதீங்க.”

“நீங்க சும்மா இருங்கப்பா. பாத்ரூம்ல ரெண்டு தடவை விழுந்துட்டார் அண்ணே. எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. லேடீஸ் ஹாஸ்டல்ல அப்பாவுக்குக் கட்டில் போட மாட்டாங்க.”

அண்ணன் மேசைமேல் கிடந்த பேனாவை நேராக்கினார். “மேல இருக்கறது ஆயர் வந்தா தங்குற ரூம்.”

“பிஷப் வருஷத்துக்கு எத்தனை நாள் வர்றார்?”

“ஒரு நாள். சில வருஷம் சாப்பிட்டுட்டு உடனே கிளம்பிருவார்.”

“மிச்ச நாள் கொசு குடியிருக்கலாம், பெத்தவர் இருந்தா ஆகாதோ?”

“ஜனம் பேசும்மா. குடும்பத்தையே கொண்டாந்து குடிவச்சுட்டான்னு சொல்லுவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “பின்னால வாட்ச்மேன் ரூம் இருக்கு. அடுத்த மாசம் அவர் போறார்.”

மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஜெனரேட்டரை ஒட்டி ஓர் அறை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் பெட்டி. அப்பா பாதத்தால் நீள அகலம் அளந்தார். குனிய முடியாமல் குனிந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டிக் கேட்டார். “டைல்ஸுக்கு அடியில காலி. கலவையை நாலு மூலைக்கு மட்டும் வச்சு ஒட்டியிருக்கான் படுபாவி. நானே பேத்துப் போட்டுர்றேன் சாமி.” முகத்தில் அப்படியொரு களை.

“அதெல்லாம் வேண்டாம். கேட்டைத் திறந்து பூட்டினாப் போதும். ஆனா ஒண்ணு. யாராவது கேட்டா, என் அப்பான்னு சொல்லிக்காதீங்க.”

“நான் எப்ப சொன்னேன் சாமி?”

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அண்ணனைவிட அப்பாவை நினைத்துத்தான். நாலு வருஷம் மூத்திரத் துணி அலசியவள் அவள். ஒரு நாளும் இந்த முகத்தோடு அவர் அவளைப் பார்த்ததில்லை.

“சரி, அடுத்த மாசம் கூட்டிட்டு வா,” என்று அண்ணன் திரும்பி நடந்தார்.

“வாடகை வீட்டைக் காலி பண்ணியாச்சு அண்ணே. நாங்க கிளம்பினதும் சாமான் ஏத்த ஆள் வந்திருக்கும். சாவி ஓனர் கையில.”

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். சாமியிடம் ஆசீர்வாதம் வாங்கத்தான் போகிறோம் என்று சொல்லி அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள். ஆயர் அறை பூட்டியிருக்கவில்லை. மெத்தைமேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. கிழித்தெறிந்தாள். மாத்திரை டப்பாவையும் மூத்திரக் குடுவையையும் மேசைமேல் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா கைப்பிடியைப் பற்றிப் படி படியாக ஏறி வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

“என்னைப் பாவத்துல தள்ளாதடி.”

“வந்து படுங்கப்பா. மெத்தை புதுசு.”

அவர் தன் பின்னால் வந்து நின்ற மகனை அண்ணாந்து பார்த்தார். “மன்னிச்சிருங்க சாமி. இவளுக்கு நாலெழுத்துப் படிச்ச திமிரு. வாட்ச்மேன் போற வரைக்கும் நான் வராண்டாவுல படுத்துக்கறேன்.”

“ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஜனம் வர்றதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிருவேல்ல?” அண்ணன் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

“முட்டிக்குத் தைலம் ரெண்டு வேளை. ராத்திரி தனியா எந்திரிக்க விடாதீங்க, விழுந்துருவார்.”

மடங்காத கால்களை நீட்டி, வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார் அப்பா. அவரைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. தாண்டிப் போனாள்.