மப்டியில் ஒரு மாதிரிக்கூறு

1

இந்தக் கதையை எழுதக் காரணம் கோபம்தான். இதைவிட உயர்ந்த காரணம் ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அகப்படவில்லை. ஒரு எம்.ஏ. பொருளாதார ஆய்வேட்டின் நான்காம் இயலில் என்னைப் பற்றி ஒரு வரி வருகிறது: 'ஆண், வயது ஐம்பத்திரண்டு, நடுத்தர வருமானம், பேரம் பேசத் தெரியாதவர்.' எத்தனையோ வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒரு மனிதனை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக நான் எழுதியது கிடையாது. பதிலுக்கு, அதை எழுதியவளைத் தூக்கி ஒரு கதைக்குள் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

அவள் பெயர் இசக்கிச்செல்வி. இலஞ்சியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவள் அப்பா உச்சிமாகாளி அண்ணாச்சி காவல்துறையில் சிறப்பு எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வுபெற்றவர். நான் மந்திரமூர்த்தி. தென்காசியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை, மற்ற நேரத்தில் எழுத்து. (வங்கியில் இதையே திருப்பிச் சொல்கிறார்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

'சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில், அருவியின் ஓசையில் தன்னை மறந்து அவள்—'

வரைவைப் படித்த இசக்கிச்செல்வி அங்கேயே நிறுத்தினாள்.

"மாமா, நான் எப்ப அருவிச் சத்தம் கேட்டுக்கிட்டு நின்னேன்? சீசன் நேரத்துல அங்கன வேன் ஆரன் சத்தந்தான் கேக்கும்."

இரண்டாவது தொடக்கம்: 'தென்காசி வட்டாரத்தில் ஒரு பெண் எம்.ஏ. பொருளாதாரம் படிப்பது என்பது—' இதை நானே விட்டுவிட்டேன். 'என்பது' என்று முடியும் எந்த வாக்கியமும் கட்டுரைக்குத்தான் போய்ச்சேரும்.

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

3

அவர்கள் வீட்டுச் சண்டை சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

"பி.ஏ. முடிச்ச. சரி. எஸ்.ஐ. பரிச்சைக்கு அது போதும்லா? ஒசரம் இருக்கு, ஓட்டம் இருக்கு. பொறவு எதுக்குட்டி எம்.ஏ.?"

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா."

"எனக்குக்கூடத்தான் கிரைம் பிராஞ்ச் பிடிச்சிருந்திச்சு. குடுத்தானா?"

இது அண்ணாச்சியின் தீராத வருத்தம். துப்புத் துலக்கும் பிரிவில் மப்டியில் திரிய வேண்டும் என்பது அவர் ஆசை. பலமுறை கேட்டுப் பார்த்தார். ஆனால் அவருக்கு வாய்த்தது காக்கியும் விசிலும்தான். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் அருவிக்கரையில் பந்தோபஸ்து. வரிசையை ஒழுங்குபடுத்துவதும், பாறையில் ஏறுகிறவனை விசிலடித்து இறக்குவதுமாகவே அவர் சர்வீஸ் போய்விட்டது.

இசக்கிச்செல்வி எப்படியோ எம்.ஏ. சேர்ந்துவிட்டாள். ஆலங்குளம் தாண்டிப் போகும் கல்லூரி பஸ்ஸில் தினமும் போய்வந்தாள். ஆய்வேடு நன்றாக அமைந்தால் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளுடைய பேராசிரியை ஸ்ரீமதி சொல்லியிருந்தார். ஆய்வேட்டை முடித்த கையோடு எஸ்.ஐ. பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். இருவருக்கும் தலையாட்டி வைத்திருந்தாள்.

ஆய்வுத் தலைப்பு: குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்களா?*

* பாடப்புத்தகம் இதைப் 'பேதம் காட்டும் முற்றுரிமை' என்கிறது. எனக்கு முதலில் அது ஏதோ ராகத்தின் பெயர் மாதிரி இருந்தது.

"ஒரே ஆளு மாமா," என்று எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று விளக்கினாள். "அதே கடைங்க. ஒருநா வேட்டி, ஒருநா பேண்ட்டு, ஒருநா மலையாளி மாதிரி. விலை கேக்கணும், அவ்வளவுதான். ஆம்பளைங்க எண்ணெ தேய்க்கிற எடம், நான் போவமுடியாது. கிளாஸ் பசங்க ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லுதானுவ. அதனால நீங்க..."

நான் ஒரு நல்ல சாக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மப்டியிலயா?"

அண்ணாச்சியின் தலை சுவருக்கு மேலே எழுந்தது.

"வேசத்த மாத்திப் போவணும். யாருன்னு சொல்லக்கூடாது. வெவரத்த எடுத்துட்டுத் திரும்பிறணும். அதானட்டி சொன்ன? அதுக்குப் பேரு மப்டி."

4

இங்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. படிப்பே வேண்டாம் என்றவர் அதே படிப்புக்காக வேஷம் கட்டுவாரா? வாசகர் நம்பமாட்டார் என்று பயந்து, மகள் கண்ணீரோடு கெஞ்சுவதாகவும் தந்தை மனம் இளகுவதாகவும் ஒரு பக்கம் எழுதினேன்.

"கெஞ்சினது அப்பாதான் மாமா," என்றாள் இசக்கிச்செல்வி. "ரெண்டு நாளு கெஞ்சினாரு. 'இதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளு வீட்லயே இருக்கும்போது வெளிய எதுக்குட்டி தேடுத'ன்னாரு."

[அழுகைப் பக்கம் நீக்கப்பட்டது.]

ஆடி மாதம், நல்ல சீசன். முதல் நாள் வெள்ளை வேட்டி சட்டை. அடுத்த முறை தங்கை மகனிடம் இரவல் வாங்கிய ஜீன்ஸ், கறுப்புக் கண்ணாடி, தோளில் கேமராப் பை. கேமரா இல்லாததால் உள்ளே ஒரு செம்பை வைத்துக்கொண்டார். மூன்றாவதாக, நெற்றியில் சந்தனமும் கரை முண்டுமாகச் செங்கோட்டை வரை போய், அங்கிருந்து கேரளத்து வண்டிகள் வரும் வழியாகவே குற்றாலத்துக்குள் நுழைந்தார்.

"இங்கனருந்தே போயிருக்கலாமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எந்தத் திசையிலருந்து வாரான்னு பாக்க மாட்டானாவே?"

விலை கேட்டால் போதும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் கேட்டதோடு நிற்கவில்லை, போன கடையிலெல்லாம் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டும் வந்தார். ஆதாரம் வேண்டுமாம். அந்த மாதம் முழுக்க மனிதர் வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கினார். தலையணை உறைகளைத் துவைத்துத் துவைத்து அவர் மனைவி என் மனைவியிடம் வந்து முறையிட்டார்.

முடிவு வந்தது. எல்லாக் கடையிலும் எல்லா வேஷத்துக்கும் ஒரே விலை. முந்நூறு ரூபாய்.

இசக்கிச்செல்வி முதலில் சோர்ந்துபோனாள். பிறகு ஸ்ரீமதி மேடம், 'இல்லை என்று தெரிவதும் ஒரு கண்டுபிடிப்புதான்' என்று சொல்லவும் தெளிந்தாள். 'குற்றாலத்து எண்ணெய்ச் சந்தையில் விலைப் பேதம் இல்லை' என்று ஒரு இயலே எழுதினாள். அண்ணாச்சி அதைத் தன் துப்பாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

5

ஐப்பசியில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. (கதாசிரியன் தன் முதுகைக் கதைக்குள் கொண்டுவருவது அழகில்லை. ஆனால் இந்த முதுகு இல்லாமல் கதை நகராது.)

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் பிச்சுமணி என்பவரின் கடைக்குப் போனேன். அறுநூறு என்றார்.

"முந்நூறுதானே?"

"யாரு சொன்னா?"

"உச்சிமாகாளி அண்ணாச்சிகிட்ட அதுதான வாங்குனீங்க?"

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பிச்சுமணி. பிறகு சிரிப்பு அடங்கி, குரல் தாழ்ந்தது.

"எஸ்.ஐ. அய்யா உங்களுக்கு வேண்டியவரா? நாங்க வாயத் தொறக்கல சார், பாவம். ரிட்டையர் ஆனதும் மனசு ஒரு மாதிரி ஆயிட்டு போல. வேசம் போட்டுக்கிட்டு வாராரு. எத்தன வருசம் இங்கன விசிலடிச்சவரு, எங்களுக்குத் தெரியாதா? மொதக் கடைக்காரன் போனப் போட்டுட்டான். 'அய்யா வாராரு, யாருன்னு கேட்டு மனச நோவடிக்காதிய, பழைய ரேட்டே சொல்லுங்க'ன்னு. நாங்களும் தெரியாத மாதிரியே தேய்ச்சு அனுப்புனோம்."

முதுகு சரியாகிவிட்டது. வேறொன்று பிடித்துக்கொண்டது.

6

இதை அவளிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இயல் தட்டச்சாகிவிட்டது, ஸ்ரீமதி மேடம் பாராட்டியும்விட்டார். பிச்சுமணி பொருளாதார ஆய்வேடு படிக்கப் போவதில்லை. ஆனாலும் மறுநாள் சொல்லிவிட்டேன்.

இசக்கிச்செல்வி மெல்லச் சிரித்தா—

["நான் எங்க சிரிச்சேன்? அழுகையா வந்திச்சு. உள்ளத எழுதுங்க."]

இசக்கிச்செல்விக்கு அழுகையாக வந்தது. தண்ணீர்க் குழாயடியில் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள்.

"இத இப்படியே குடுத்தா யாருக்கும் தெரியாது, என்ன மாமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியுமே. இந்த இயலக் காட்டி அங்கன சீட்டு வாங்கிட்டு, காலம்பூரா அத நெனச்சுக்கிட்டா படிக்க?" ஈர முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "அதக்கூட மாத்தி எழுதிறலாம். அப்பாகிட்ட என்னன்னு சொல்ல? 'மாதிரி பத்தல, இன்னும் கொஞ்சம் தரவு வேணும்'னு சொல்லிப் பாக்கேன்."

அப்படித்தான் சொன்னாள். அண்ணாச்சி உற்சாகமாக எழுந்தார்.

"அதுக்கென்ன? அய்யப்ப சீசன் வருதுலா. கறுப்பு வேட்டி, மாலை, தாடி. ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

அந்தக் கடைசி வார்த்தையைத் தாங்கமுடியாமல் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

7

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு இரண்டு வரைவு வைத்திருந்தேன். ஒன்றில் கோபப்பட்டுப் பாத்திரத்தை எறிகிறார். மற்றதில் மகளின் தலையைத் தடவுகிறார். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "மலையாளத்தான் வேசத்துலயுமா?"

ஆமென்று இசக்கிச்செல்வி தலையசைத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி நேரே குற்றாலத்துக்குப் போய் நின்றது.

பிச்சுமணி எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். யாரும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு மனசு சரியில்லன்னு சொன்னவன் எவன்?"

ஒருவர் தோள்துண்டை உதறி மறுபடி மடித்தார்.

"எம் மவ எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்கா. அவ ஆய்வுக்கு வந்தேன். எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு." பெஞ்சைக் காலால் இழுத்துப் போட்டார். "எப்படிலே கண்டுபிடிச்சீய? அதச் சொல்லுங்க மொதல்ல."

பிச்சுமணி முன்னால் வந்தார். "அய்யா... வேட்டியில வந்தன்னைக்கு நடையிலயே தெரிஞ்சிட்டு. ஜீன்ஸ் போட்டு வந்தன்னைக்கு, பாறை மேல ஒரு பய ஏறுனான். நீங்க வாயில வெரல வச்சு விசிலடிச்சிட்டிய."

"சரி. மூணாவது?"

"'எத்ர ரூபாயாணு சேட்டா'ன்னு கேட்டீய. அது நல்லாத்தான் இருந்திச்சு அய்யா. ஆனா நான் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கவும், 'ஏலே, மெதுவாலே'ன்னுட்டிய."

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த கண்ணீர்தான் என்று எழுத விரும்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார்: "உள்ளத உள்ளபடி எழுதுட்டி. துப்பு எடுக்கப் போனவன் மாட்டிக்கிட்டான்னே எழுது. அடுத்தாப்ல மூர்த்தி போவட்டும். இவர எவனுக்கும் தெரியாது."

வெளிவந்த புத்தகங்கள் மூன்று என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நிறைந்த நாட்களில் நான் வேஷம் மாற்றி மாற்றிப் போனேன், பிச்சுமணி கடையை மட்டும் விட்டுவிட்டு. புறப்படுமுன் அண்ணாச்சி என்னை முற்றத்தில் நடக்கவிட்டுத் திருத்துவார். எனக்கு விலை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. இசக்கிச்செல்விக்கு வேண்டிய பேதம் கிடைத்துவிட்டது. எனக்கு நான்காம் இயலின் அந்த ஒரு வரி கிடைத்தது.

8

சித்திரையில் வாய்மொழித் தேர்வு. மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல பக்கங்களை எல்லாம் வேகமாகத் தள்ளிவிட்டு, 'ஆய்வின் குறைபாடுகள்' என்ற பகுதியில் நின்றுவிட்டாராம். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார்.

"தோல்வியை இவ்வளவு விவரமா யாரும் எழுதமாட்டாங்கம்மா. இந்த மனிதரை நான் பார்க்க முடியுமா?"

"வெளியதான் நிக்காங்க சார்."

அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போய் விறைப்பாக நின்றார்.

"உங்க பேர் ஆய்வேட்டுல எங்கேயும் இல்லையே?"

"மப்டியில போறவன் பேர எழுதமாட்டாங்க சார்," என்றார் அண்ணாச்சி.

ஸ்ரீமதி மேடம் சத்தமாகச் சிரித்துவிட்டு, அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் தான் தருவதாக அங்கேயே சொன்னார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது ஆலங்குளத்தில் பஸ் நின்றது. கீழே இறங்கி மூன்று பேருக்கும் முறுக்கு வாங்கி வந்த அண்ணாச்சி, உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி கேட்டார்:

"அங்கன பொம்பளப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் உண்டாட்டி?"

"எங்கனப்பா?"

"திருவனந்தபுரத்துலதான்."

அவள் கையிலிருந்த முறுக்கை மடியில் வைத்தாள். "உண்டுப்பா," என்றாள்.

"ம். மலையாளத்துச் சாப்பாடு ஒத்துக்கிடுமான்னு கேட்டுக்க."

9

இரண்டு முடிவுகள் எழுதி அவளிடம் கொடுத்தேன்.

(அ) அவள் திருவனந்தபுரம் போகிறாள். ரயில் நிலையத்தில் அண்ணாச்சி—

(ஆ) அவள் எஸ்.ஐ. பரீட்சை எழுதித் தேறுகிறாள். அவளை முதல் முதலாகக் காக்கியில் பார்க்கும் அண்ணாச்சி—

இரண்டின் குறுக்கேயும் கோடு போட்டுத் திருப்பித் தந்துவிட்டாள்.

"ரெண்டுலயும் அப்பாதான் என்னமும் செய்தாவ மாமா. நான் சும்மா நிக்கேன்."

"அப்போ நீ என்ன செய்யப்போற? அவர்தான் சரின்னுட்டாரே."

"அதான் கஷ்டம். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்தவரைக்கும், என்ன வேணும்னு நான் யோசிக்கவே இல்ல. அவருக்கு எதிரா நின்னாப் போதும்னு இருந்திச்சு. இப்ப உண்மையிலயே நான்லா முடிவெடுக்கணும்?" அவள் என் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். "இன்னும் எடுக்கல. நானே எடுக்காதத நீங்க எப்படி எழுதுவீய?"

இரண்டு விண்ணப்பங்களுக்கும் கடைசித் தேதி இன்னும் வரவில்லை. உங்களுக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கும். எனக்கும் ஒன்று இருக்கிறது. நாம் இருவரும் அதை வைத்துக்கொண்டு, அவள் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டிருப்போம்.